ஒரே கார்டு, இரண்டு விமானம்

என் தொழிலுக்கும் விமானத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. சாப்பாட்டுக் கடைகளுக்கு எவர்சில்வர் மேசை, பாத்திரம் கழுவும் தொட்டி, அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் கூண்டு, இதெல்லாம் செய்து மாட்டிக் கொடுப்பது வேலை. வாடிக்கையாளர்கள் எல்லாரும் வேன் போகிற தூரத்தில்தான் இருக்கிறார்கள். வடக்கே தைப்பிங், தெற்கே தஞ்சோங் மாலிம். தஞ்சோங் மாலிமுக்கு விமானம் கிடையாது. இருந்தாலும் பத்தடி மேசையை அதில் ஏற்ற விடமாட்டார்கள்.

அப்படிப்பட்ட நான், விமானப் படம் போட்ட பிஸினஸ் கிரெடிட் கார்டு ஒன்றை மூன்று வருடம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த மாதிரிக் கார்டு வாங்கலாமா என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால் இதைப் படிக்கட்டும். அவசரமாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன். வாங்காதீர்கள்.

எல்லாம் என் வாயால் வந்தது. எங்கள் ஒரே மகளுக்கு பெர்த்தில் கணக்கியல் படிக்க இடம் கிடைத்தது. பாதிச் செலவுக்கு உதவித்தொகையும் கிடைத்தது. அவளை விமானம் ஏற்றிவிட்டு ஈப்போவுக்குத் திரும்பும் வழியில் என் மனைவி அழவில்லை. வேனில் நேராகப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னாள்.

"மூனு வருசம் கழிச்சு அவ மேடை ஏறுறப்ப நான் அங்க உக்காந்திருக்கணும். நீங்களும் பக்கத்துல இருக்கணும். போன்ல எல்லாம் பாக்க மாட்டேன்."

அவள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, அங்கே கொசு அதிகம். அவளுக்குப் பள்ளியின் கடைசி வருடம், ஐந்தாம் பாரத்தில் பரிசு கொடுத்தபோது வீட்டிலிருந்து யாரும் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. வேலைநாள். இருபது வருடமாக அதை வருடத்துக்கு ஒரு முறையாவது சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால் அவள் சொன்னது சும்மா சொன்னதில்லை என்று எனக்குத் தெரியும். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "டிக்கெட்டுக்கு ஒரு காசு கையிலிருந்து எடுக்க மாட்டேன் பாரு. கார்டே நம்ம ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போகும்" என்று சொல்லித் தொலைத்தேன். முந்தின வாரம்தான் பேரங்காடியில் ஒரு பெண் மேசை போட்டு அந்தக் கார்டைக் காட்டியிருந்தாள்.

அதற்காக உடனே கையெழுத்துப் போட்டுவிடவில்லை. மூன்று கார்டுகளின் தாள்களை எடுத்துக்கொண்டு புந்தோங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். தமிழ் முஸ்லிம், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவர் கடைப் புகைக்கூண்டு என் முதல் வேலை. ஆர்டர் எழுதும் தாளைத் திருப்பிப் போட்டு இரண்டு பேரும் ஒப்பிட்டுப் பார்த்தோம்.

முதலாவது, பெரிய விமானக் கம்பெனியின் சொந்தக் கார்டு. செலவு செய்யச் செய்ய மைல் நேராக விமானக் கணக்கில் ஏறும். ஆனால் ஆண்டுக் கட்டணம் என் பட்டறையின் ஒரு மாத மின்சாரக் கட்டணத்துக்குச் சமம். இரண்டாவது, மலிவு விமானக் கம்பெனியின் கார்டு. கட்டணம் குறைவு. பெட்டிக்குக் காசு வாங்க மாட்டார்கள், வரிசையில் முன்னால் விடுவார்கள், டிக்கெட்டில் கழிக்கக் கொஞ்சம் பாயிண்டு தருவார்கள், அவ்வளவுதான். மூன்றாவது, வங்கியே கொடுக்கும் பிஸினஸ் கார்டு. பாயிண்டு வங்கியில் சேரும். நமக்கு வேண்டும் என்கிறபோது அதை விமான மைலாக மாற்றிக்கொள்ளலாம். முதல் வருடம் கட்டணம் இல்லை. கூடவே விமான நிலையத்தில் உட்கார்ந்து சாப்பிட லவுஞ்சு இலவசம், சக்கரம் வைத்த பெட்டி ஒன்றும் பரிசு.

அண்ணன் இரண்டாவதை எடுத்தார். ஏற்கனவே அடிக்கடி திருச்சிக்குப் போகிறவர். நான் மூன்றாவதை எடுத்தேன். காரணம் லவுஞ்சு. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. மனைவியை அங்கே உட்கார வைத்து, காசு கொடுக்காமல் எழுந்து வர வேண்டும் என்று ஆசை.

"நீ வருசத்துக்கு எத்தன தடவ பிளேன் ஏறுவே தம்பி?" என்று அண்ணன் கேட்டார்.

ஏறியதே இல்லை என்றேன்.

"அப்ப அந்த லவுஞ்சுக்கு பஸ்ஸுல போய்ச் சாப்ட்டு வருவியா?"

பரிசுப் பெட்டியின் சக்கரம் கொடுத்த வாரமே கழன்றது. அதை அப்போதே ஒரு தகவலாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பாயிண்டு சேர்ப்பது லேசான வேலை என்று நினைப்பவர்கள் என்னிடம் வரட்டும். எனக்கு அதிகம் போகிற செலவு பெட்ரோல், டோல், மின்சாரம். இந்த மூன்றுக்கும் பாயிண்டு கிடையாது. அது தாளின் பின்பக்கம், எறும்பு சைஸ் எழுத்தில் இருந்தது. மிச்சம் இருந்தது எவர்சில்வர் தகடு. தகடு விற்கும் சீன முதலாளி, தவுக்கே என்போம், கார்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். கார்டு என்றால் நூறு ரிங்கிட்டுக்கு இரண்டு வெள்ளி கூட என்றார். இருபது வருடப் பழக்கம் என்று நான் கத்தினேன். பழக்கத்துக்காகத்தான் இரண்டு, மற்றவர்களுக்கு மூன்று என்றார். கொடுத்தேன். பாயிண்டு வருகிறதே.

அப்புறம் நான் ஒரு தொல்லையாகவே மாறினேன். யார் எதை வாங்கினாலும் கார்டை நீட்டிக்கொண்டு போய் நின்றேன். மச்சினன் குளிர்சாதனப் பெட்டி வாங்கினால் நான் கார்டில் போட்டு அவனிடம் ரொக்கம் வாங்கிக்கொள்வேன். கோயில் திருவிழாவுக்குப் பெரிய அடுப்பு வாங்கினார்கள், அதுவும் என் கார்டில்தான். ஒரு சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்தில்கூட, கூடாரம் போடுகிறவன் கார்டு வாங்குவானா என்று நான் விசாரித்ததை மனைவி பார்த்துவிட்டாள். என் கையைப் பிடித்து வேனுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

இப்படி மூன்று வருடம் போயிற்று. பட்டமளிப்பு விழா செப்டம்பரில் என்று மகள் தேதி சொன்னாள். பெற்றோருக்கு இரண்டு இருக்கை. ஜூலை கடைசியில் ஒரு சாயங்காலம் பார்த்தால், என் பாயிண்டு இரண்டு பேர் போய்வரப் போதுமான அளவைத் தொட்டிருந்தது. விமானக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தேன். விழாவுக்கு முந்தின நாள் விமானத்தில் மைலுக்குக் கொடுக்கும் இருக்கை சரியாக இரண்டு காலியாக இருந்தது. பாயிண்டை மைலாக மாற்றி, அமுக்க வேண்டியதுதான்.

நான் அமுக்கவில்லை. ஆடி மாதம்.

எனக்குப் பக்தி அதிகம் என்று நினைக்க வேண்டாம். மனைவி இழுத்தால்தான் கோயிலுக்குப் போவேன். ஆனால் ஆடியில் எதையும் தொடங்க மாட்டேன், முன்பணம் வாங்க மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன். பட்டறை திறந்த வருடம் ஆடியில் ஒருவனுக்கு நான்கு மேசை செய்து கொடுத்தேன். அவன் மேசையோடு காணாமல் போய்விட்டான். அதற்குக் காரணம் ஆடியா, நீங்கள் அவன் விலாசம் வாங்காததா என்று மனைவி இன்றைக்கும் கேட்பாள். எதுவாக இருந்தாலும் இத்தனை வருடமாகக் கைவிடாத பழக்கம். முதல் முறையாகக் கடல் தாண்டுகிறோம், மகளின் நல்ல காரியம், இதைப் போய் ஆடியில் தொடங்குவதா? ஆவணி பிறக்க மூன்று வாரம்தான் இருக்கிறது, இருக்கை எங்கே ஓடிவிடும் என்று சொன்னேன்.

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "ஆடியிலதான அம்மனுக்குக் கூழ் ஊத்துறோம். சாமிக்கு ஆகுற மாசம் டிக்கெட்டுக்கு ஆகாதா?" என்றாள்.

புந்தோங் அண்ணனிடம் சொன்னால் அவர் சப்போர்ட் செய்வார் என்று பார்த்தேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, "உங்க ஆடி மாசம் வெள்ளக்காரனுக்குத் தெரியுமா தம்பி? அவன் சீட்ட எடுத்துருவான் லா" என்றார். மலிவு விமானத்தில் இப்போது பெர்த்துக்குச் சல்லிசாக டிக்கெட் போகிறது, பேசாமல் இரண்டு வாங்கு என்றும் சொன்னார். மூன்று வருடம் பாயிண்டு சேர்த்துவிட்டு ரொக்கம் கொடுத்துப் போக நான் என்ன மடையனா என்று கேட்டேன். அவர் தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டார். அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

ஆவணி பிறந்தது. வளர்பிறை பார்த்து, நல்ல நேரம் பார்த்து, வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். பாயிண்டை மைலாக மாற்றும் பொத்தானை அமுக்கினேன். இரண்டு இருக்கையும் அப்போதும் காலியாகத்தான் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், ரொம்பப் பெருமையாக.

உடனே வங்கியிலிருந்து ஒரு செய்தி வந்தது. மாற்றம் நடக்க மூன்று வேலை நாள் ஆகும். மாற்றியதைத் திரும்பப் பெற முடியாது.

வெள்ளி முடிந்து சனி, ஞாயிறு. இரண்டு நாளும் நான் பட்டறைக்குப் போகாமல் அந்தப் பக்கத்தையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு இருக்கையும் இருந்தன. திங்களும் இருந்தன. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மைல் வந்து சேர்ந்தது. ஒரு இருக்கைதான் இருந்தது.

விமானக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்தார்கள், அதனால் கத்துவதற்கு நிறையச் சேர்ந்திருந்தது. அந்தப் பக்கத்துப் பெண் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை. மைலை வங்கிக்குத் திருப்ப முடியாது. இன்னொரு இருக்கை வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். இருக்கிற ஒன்று வேண்டுமா, வேண்டாமா? அதற்கும் வரியும் விமான எண்ணெய்க் கட்டணமும் தனியாகக் கட்ட வேண்டும். இலவச டிக்கெட் என்று அந்தத் தாளில் அச்சடித்தவனை நான் நேரில் பார்க்க வேண்டும்.

மனைவி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். மாவுப் பாத்திரத்தை மூடிவிட்டுத்தான் பேசினாள்.

"அந்த ஒன்ன எனக்குப் போடுங்க. நீங்க எப்படி வாரீங்களோ வாங்க. ஆனா வரணும்."

மறுநாள் விடிந்ததும் அண்ணன் கடைக்குப் போனேன். எனக்கு அவமானமாக இருந்தது என்று எழுதினால் பொய். பசியாகத்தான் இருந்தது. இரண்டு ரொட்டி தின்றுவிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஆடியில் சல்லிசாகப் போன மலிவு டிக்கெட் இப்போது மூன்று மடங்கு. விழா நாளன்று காலையில் கிளம்பும் விமானம் ஒன்றில் மட்டும் விலை கொஞ்சம் தேவலாம் போல இருந்தது. மதியம் பன்னிரண்டரைக்குப் போய்ச் சேரும். விழா மூன்று மணிக்கு. அண்ணன் போனை எடுத்து, தன் கார்டில் சேர்ந்திருந்த பாயிண்டை எல்லாம் போட்டு விலையைப் பாதியாக்கி, எனக்கு அந்த டிக்கெட்டை எடுத்தார். அங்கேயே, ஐந்து நிமிடத்தில். மூன்று வேலை நாள் எல்லாம் ஆகவில்லை.

"என் கார்டுல போறே தம்பி. எல்லாருகிட்டயும் சொல்லிருவேன்" என்றார்.

சொன்னார். புந்தோங் முழுக்கச் சொன்னார். பதிலுக்கு அவர் கடைப் புகைக்கூண்டுக்குப் புது விசிறி மாட்டிக் கொடுத்தேன்.

இதற்கு நடுவில் தஞ்சோங் மாலிமில் ஒரு வேலை ஒப்புக்கொண்டிருந்தேன். கார் தொழிற்சாலைக்குப் போகும் வழியில் புதுச் சாப்பாட்டுக் கடை. மனைவி கிளம்பும் நாள்தான் அதைப் பொருத்தி முடிக்க வேண்டிய நாள். அதனால் காலையிலேயே அவளை வேனில் ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனேன். என் நல்ல சட்டை, கால்சட்டை, சப்பாத்து எல்லாம் அவள் பெட்டியில். அண்ணன் கார்டில் எடுத்த என் டிக்கெட்டுக்கும் பெட்டி இலவசம் என்பதை நான் மறந்துவிட்டிருந்தேன். கோபத்தில் இருக்கும்போது எனக்கு நல்ல விஷயங்கள் நினைவில் நிற்காது.

உள்ளே போகுமுன் என் கார்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன். லவுஞ்சில் காட்டு, நன்றாகச் சாப்பிடு, இதற்காகத்தான் மூன்று வருடம் என்றேன். நான் வேனுக்குத் திரும்பி அரை மணி நேரத்தில் போன் வந்தது. கார்டில் யார் பெயரோ அவர் வந்தால்தான் விடுவார்களாம்.

"அவரு தஞ்சோங் மாலிம் போறாருன்னு சொன்னேன். கேக்கல" என்றாள்.

எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாளாம். லவுஞ்சுக் கதவுக்கு நேர் எதிரே. உள்ளே போகிறவர்கள் எல்லாரும் அவள் சோற்றைப் பார்த்துக்கொண்டு போகிறார்களாம்.

எனக்கு மறுநாள் வேறு முனையம். மலிவு விமானங்கள் எல்லாம் இரண்டாவது முனையத்தில். என் கார்டுக்கு அங்கே லவுஞ்சும் கிடையாது, அந்தக் கார்டும் அப்போது பெர்த்தில் இருந்தது. மூன்று வருடம் அந்தக் கார்டை வைத்திருந்தும் அந்தக் கதவை நான் பார்த்ததே இல்லை.

தஞ்சோங் மாலிம் வேலை இழுத்துவிட்டது. முடித்துவிட்டுக் கடைக்காரர் மாடியில் ஒரு தூக்கம் போட்டு, எழுந்ததும் அப்படியே விமானத்துக்குப் போனேன். வெல்டிங் பொறி விழுந்து ஓட்டையான டீ-சட்டை, காலில் வேலைச் சப்பாத்து. நல்லதுதான் பெட்டியில் போய்விட்டதே. விமானம் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. முட்டி முன் இருக்கையில் இடித்தது. ஐந்தரை மணி நேரமும் இடித்துக்கொண்டேதான் இருந்தது.

பெர்த்தில் இறங்கினால் ஒரு அதிகாரி என் காலையே பார்த்தார். அந்த நாட்டுக்குள் வெளிமண் வரக்கூடாதாம். என் சப்பாத்துக்கு அடியில் தஞ்சோங் மாலிம் செம்மண் அரை அங்குலம் ஒட்டியிருந்தது. கழற்றச் சொன்னார். மணி இரண்டாகப் போகிறது. மகளுக்குப் பட்டம், மூன்று மணிக்கு என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் வாழ்த்துச் சொன்னார், சப்பாத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். காலுறையோடு அங்கே நின்றபோது, ஆடி மாதம், வங்கி, தவுக்கே, பேரங்காடிப் பெண், எல்லாரையும் வரிசையாக மனதுக்குள் திட்டினேன். சுற்றி வந்து கடைசியில் என்னிடமே நின்றது. இருபது நிமிடம் கழித்துச் சப்பாத்து வந்தது. நான் வாங்கிய நாளில்கூட அது அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

மண்டபத்துக்குள் போகும்போது விழா தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. மனைவி பட்டுச் சேலையில் இருந்தாள். பக்கத்து இருக்கையில் அவள் கைப்பை, அதன்மேல் என் நல்ல சட்டை மடித்து வைத்திருந்தது. மூன்று முறை அந்த இருக்கையைக் கேட்டு ஆள் வந்தார்களாம். மலாயில் ஒரு முறை, தமிழில் இரண்டு முறை, ஆள் வருகிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அடுத்த வரிசதான் அவளோடது. சட்டையப் போடுங்க" என்றாள்.

வெளியே போய் மாற்ற நேரமில்லை. ஓட்டை டீ-சட்டைக்கு மேலேயே போட ஆரம்பித்தேன். ஒரு கை நுழைந்தது. இன்னொரு கையைத் தேடிக்கொண்டிருக்கும்போது மகள் மேடையில் நடந்துகொண்டிருந்தாள். கறுப்பு அங்கி, தலையில் சதுரத் தொப்பி, அம்மாவின் நடை. ஒரு கை சட்டைக்குள்ளே, ஒரு கை வெளியே, அப்படியே எழுந்து நின்று கைதட்டினேன். வேறு யாரும் எழுந்து நிற்கவில்லை. மனைவியும் எழுந்தாள்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் மீனும் உருளைக்கிழங்கும் தின்றோம். நான் கார்டுக் கதையை முழுக்கச் சொன்னேன். மகள் புதுக் கணக்காளர் இல்லையா, ஆண்டுக் கட்டணத்தையும் தவுக்கேயின் இரண்டு வெள்ளியையும் கேட்டுக் கேட்டுப் போனில் தட்டினாள்.

"அப்பா, அந்தக் காசுக்கு ஆடியிலயே நாலு டிக்கெட் வாங்கிருக்கலாம் லா. புந்தோங் பெரியப்பா ஃபேமிலியயும் கூட்டிட்டு வந்திருக்கலாம்."

மனைவி மட்டும் கார்டை விட்டுக்கொடுக்கவில்லை. சன்னலோர இருக்கையாம். உண்மையான கரண்டியோடு சாப்பாடாம். இரண்டு முறை வந்து காப்பி வேண்டுமா என்று கேட்டார்களாம். கைப்பையிலிருந்து என் கார்டை எடுத்து மேசைமேல் வைத்து, நல்ல கார்டுதான், ஆளுக்குத்தான் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்றாள்.

ஈப்போ திரும்பிய வாரமே அதை ரத்து செய்தேன். கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம், இன்னும் பாயிண்டு தருகிறோம் என்று வங்கியில் கெஞ்சினார்கள். முதலில் இப்படி மரியாதையாகப் பேசியிருந்தால் நான் இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன். எப்படி இருந்தாலும் வேண்டாம் என்றேன். தொழிலுக்காக மாதத்துக்கு இரண்டு முறை பறக்கிறவனுக்கு அது பிரயோஜனமாக இருக்கலாம். வேனில் போகிறவனுக்கு வேன்தான்.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். இரண்டு பேருக்கு மாற்றிய மைலில் ஒருவருடையதுதான் செலவாகியிருந்தது. மிச்சம் அப்படியே விமானக் கம்பெனியின் கணக்கில் கிடந்தது. மகள் பெர்த்திலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இந்த வருடம் ஆடி பிறந்து இரண்டாவது வாரம், தோசை போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள். டிசம்பருக்குப் பெர்த் டிக்கெட் எடுத்துவிட்டாளாம், சன்னலோரம். மகள் போனில் சொல்லச் சொல்ல இவளே அமுக்கினாளாம்.

எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"செவ்வாக்கெழம. சாயந்தரம் மூனரைக்கு" என்றாள். நல்ல ராகு காலம். தோசையைத் திருப்பிப் போட்டாள். "சீட்டு கெடச்சிருச்சு. நீங்க ஆவணி வரைக்கும் இருந்து, நல்ல நேரம் பாத்து, உங்க பிளேன்ல வாங்க."

தோசையைத் தின்றுவிட்டு வேனை எடுத்தேன். பட்டறைக்குப் போகவில்லை. நேராகப் புந்தோங்குக்கு விட்டேன். அண்ணன் கார்டில் எவ்வளவு பாயிண்டு இருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஆவணிக்கு முன்னால்.